உப்பில் போட்ட படம்

மரியநேசனுக்குப் பொய் சொல்ல வராது. இருபத்திரண்டு வருடமாக அவரோடு குடித்தனம் நடத்தும் யூலிற்றாவுக்கு இது நன்றாகத் தெரியும். பொய் சொன்னால் அவருக்கு இடது காது துடிக்கும். செவ்வாய்க்கிழமை காலை வேளாமீன் கதையோடு அவர் கரையிலிருந்து வந்தபோது இரண்டு காதும் சும்மாதான் இருந்தன. ஆனால் காதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல ஊர் என்ன யூலிற்றாவா?

நடந்தது இதுதான். முல்லைத்தீவுக் கரையில் வலை முதலாளி பரமலிங்கம் சம்மாட்டியின் கரைவலையை இருபத்துநான்கு பேர் இழுக்கிறார்கள். அந்த வலைக்குத் தலையாள் மரியநேசன். எங்கே வளைப்பது, எப்போது இழுப்பது என்று அவர் சொன்னால் சொன்னதுதான். அன்று மீன் சேரும் பையான வலையின் மடி இடுப்பளவு தண்ணீருக்கு வந்தபோது உள்ளே ஒரு வேளாமீன். பன்னிரண்டு அடி இருக்கும். மூக்கிலே ஓராள் கை நீளத்துக்கு வாள், வாளின் இரண்டு பக்கமும் பல். அந்தக் கரையில் கடைசியாக வேளா பிடித்தவர் மரியநேசனின் தகப்பன். அந்த வாள் இன்னமும் மாதா கோயில் சுவரில் தொங்குகிறது. அதற்குப் பிறகு வேளாவைக் கண்டதாக ஒருவரும் சொன்னதில்லை.

வாள் வலையில் சிக்கிக்கொள்ள, மீன் அடிக்கத் தொடங்கியது. தண்ணீரில் நின்றவர்கள் பதினொரு பேர். பதினொரு பேரின் கால்களும் வாளுக்குப் பக்கத்தில். மரியநேசன் கத்தியை எடுத்து மடியை அறுத்துவிட்டார். வேளா போயிற்று. கூடவே அன்றைய சூடை மீன் அத்தனையும் போயிற்று.

“மீனிலை இரக்கப்பட்டு அறுக்கேல்லை. காலிலை இரக்கப்பட்டு அறுத்தனான்,” என்று அவர் நூறு பேருக்காவது சொல்லியிருப்பார்.

சம்மாட்டி ஒரு சொல்லையும் ஏற்கவில்லை. “நான் கரையிலை கதிரை போட்டு இருந்தனான். கண் வெட்டாமல் பாத்துக்கொண்டு இருந்தனான். வேளாவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கடலுக்கை இரும்பு கிடக்கிற இடத்திலை வலையை வளைச்சுக் கிழிச்சுப்போட்டு எனக்கே கதை விடுறாய்!”

“இருபத்துமூண்டு பேர் கண்டவங்கள், சம்மாட்டியார்.”

“இருபத்துமூண்டு பேரும் உன்ரை வலைக்காரர். நீ இருட்டெண்டால் அவங்கள் இருட்டெண்டுவாங்கள்.”

கயிறு இழுக்கும் றஜித் தன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்திருந்தான். புதுப் போன். அது கடலைத் தானாகவே நீலமாக்கி, ஆட்களின் முகத்தைத் தானாகவே வெள்ளையாக்கி, வேளாவின் பல்லை எண்ணெய் பூசியது போல மினுக்கியும் விட்டது. முகநூலில் போட்ட அரைமணி நேரத்துக்குள் எண்ணூறு சிரிப்பு முகங்கள் வந்துவிட்டன. ‘நல்ல ஏஐ அண்ணை, அடுத்தமுறை டைனோசரைப் பிடியுங்கோ’ என்று எழுதியவன் வேறு யாருமில்லை, யூலிற்றாவின் சொந்தத் தம்பி. சம்மாட்டி அந்தப் படத்தைப் பார்த்ததும், “உதை என்ரை பேத்தியும் செய்வாள்,” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகுதான் பெரிய இடி. “ஞாயிற்றுக்கிழமை வலை வைக்கிற வாடியிலை எல்லாரையும் வைச்சுக் கதைப்பம். ஆதாரம் இருந்தால் கொண்டுவா. இல்லையெண்டால் திங்கள்கிழமையிலையிருந்து வலைக்கு வேறை தலையாள்.”

பரமலிங்கம் சைவக்காரர்தான். ஆனாலும் வலைக்காரர் எல்லாம் வேதக்காரர் என்பதால் ஞாயிறு வலை போடமாட்டார். அந்த ஒரு நாள் ஓய்வில்தான் தலையை எடுப்பார்.

வியாழக்கிழமை மத்தியானம் யூலிற்றா காரற் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். வேலை தன்பாட்டில் நடந்தது, மனம் குசினிக்குள் இருந்தது. அங்கே மரியநேசன் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் நாடியில் கை வைத்து இருந்தார். கடலுக்குப் போகாத மனிதனுக்குப் பசியும் வராது. வலைத் தலையாளாக வர அவருக்குப் பதினெட்டு வருடம் கயிறு இழுக்க வேண்டியிருந்தது. உள்ளங்கையைத் தொட்டால் ஆமை ஓட்டைத் தொட்டது போலிருக்கும்.

அப்போதுதான் கிருசாந்தினி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். மரியநேசனின் தங்கை. முப்பத்துமூன்று வயது. முல்லைத்தீவு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறாள். நாள் முழுக்கப் போனைக் கழற்றிப் பூட்டுகிறவளுக்குப் போனைக் கண்டாலே பிடிக்காது. அதனால் கொழும்பில் யாரிடமோ ஒரு பழைய பிலிம் கமெரா வாங்கி, கிழமைக்கு ஒரு காலை கரைவலை இழுக்கிற இடத்தில் வந்து நிற்பாள். ஒரு சுருளில் முப்பத்தாறு படம். அதை முடிக்க அவளுக்கு ஒரு மாதம் பிடிக்கும்.

“மச்சாள், செவ்வாய்க்கிழமை நானும் கரையிலை நிண்டனான் எல்லோ,” என்றாள்.

“நிண்டனீ. நிண்டு என்ன பிரயோசனம்? போனிலை ஆயிரம் எடுக்கலாம். நீ ஒரு படத்துக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு அரைமணித்தியாலம் நிப்பாய்.”

“ஆயிரம் எடுத்தும் ஒண்டைத்தானும் ஒருத்தரும் நம்பேல்லையே மச்சாள்.” கிருசாந்தினி கமெராவைத் தட்டிக் காட்டினாள். “வேளா இதுக்கை இருக்குது. நாலு தரம் அமத்தினனான். இது போன் மாதிரி மினுக்காது. கண்டதைக் கண்டபடி பிடிக்கும். நெகட்டிவைக் கையிலை குடுத்தால் ஏஐ எண்டு எந்தக் கொம்பனும் சொல்லேலாது.”

யூலிற்றா கையில் இருந்த மீனைக் கீழே வைத்தாள். “அப்ப ஏனடி மூண்டு நாளா வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனீ?”

“படத்தைக் கழுவிற ஆள் கொழும்பிலை. நேற்றுத்தான் போன் எடுத்தன். மூண்டு கிழமை எண்டுறார்.”

ஞாயிற்றுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

“இஞ்சை கழுவேலாதோ?”

“கழுவலாம். கோப்பியிலை கழுவலாம் எண்டு வீடியோவிலை பாத்தனான். கோப்பித்தூள், விற்றமின் சி குளிசை, பிறகு அப்பச்சோடாவை வறுத்துச் சேர்க்கவேணும்.”

“படம் கழுவவோ, பலகாரம் சுடவோ?”

“சிரியாதேங்கோ. படம் வந்திடும். வந்த படம் நிக்கிறதுக்குத்தான் மருந்தில்லை. அந்த மருந்து போடாட்டில் வெளிச்சத்தைக் கண்டவுடனை கறுத்துப் பழுதாப்போயிடும். யாழ்ப்பாணத்திலையும் கேட்டுப் பாத்தன், இல்லையாம்.”

யூலிற்றா யோசிக்கக்கூட இல்லை. பதினாறு வயதிலிருந்து அவளுக்குத் தெரிந்த ஒரே சாத்திரம் அதுதான். “பழுதாகாமல் இருக்கவேணுமெண்டால் உப்பிலை போடன்.”

கிருசாந்தினி பெரிதாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனில் தேடினாள். சிரிப்பு மெல்ல நின்றது. “மச்சாள்... மெய்தான். கடும் உப்புத் தண்ணியிலை ஒரு நாள் ஊறவிட்டால் படம் நிக்குமாம். ஆரோ வெளிநாட்டுக்காரன் செய்து பாத்திருக்கிறான்.”

“அவனும் கருவாடு போடுறவனாக்கும்,” என்றாள் யூலிற்றா.

அடுத்த சிக்கல் இருட்டு. கமெராவிலிருந்து பிலிமை எடுத்து, கமெராவோடு வந்த மூடி போட்ட கறுப்பு டப்பாவுக்குள் சுற்றி வைக்கும்வரை ஊசி முனையளவு வெளிச்சமும் படக்கூடாது. தகரக் கூரையில் ஆணித் துளை இல்லாத வீடு அந்தக் கரையில் எது? யூலிற்றாவுக்குக் கனகலிங்கத்தின் கூலர் லொறி நினைவுக்கு வந்தது. மீன் ஏற்றும் பெட்டி. கதவைச் சாத்தினால் கண்ணும் மூக்கும் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை கனகலிங்கம் தலையைச் சொறிந்தார். “பொம்பிளையள் ரெண்டு பேர் என்ரை லொறிக்கையோ? ஊர் என்ன சொல்லும்?”

“ஊர் எங்கடை மனுசனைக் கள்ளன் எண்டு சொல்லுது. அதைவிட என்ன சொல்லக் கிடக்கு? பத்து நிமிசம். கதவை வெளியாலை பூட்டிப்போட்டு நில்லுங்கோ அண்ணை.”

உள்ளே கும்மிருட்டு. கீழே ஐஸ் தண்ணீர், மேலே கீரிமீன் வாடை. கிருசாந்தினி முணுமுணுத்துக்கொண்டு எதையோ சுற்றினாள். யூலிற்றா கறுப்பு டப்பாவை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, தெரிந்த செபமெல்லாம் சொன்னாள். அருள்நிறை மந்திரம் மூன்றாவது தரம் வந்தபோது லொறி உறுமியது. பிறகு குலுங்கியது. பிறகு ஓடத் தொடங்கியது.

“எடி, இவர் எங்கை போறார்?”

“கத்தாதேங்கோ மச்சாள், கை வழுக்குது! விட்டனெண்டால் வேளா கிழிஞ்சிடும்!”

கனகலிங்கத்துக்குப் போன் வந்திருக்கிறது. முள்ளியவளையில் மீன் காத்து நிற்கிறது என்று யாரோ சொல்ல, வாய் பதில் சொல்லக் கால் தன்பாட்டில் பெடலை மிதித்துவிட்டது. மறதிக்கு மருந்து இல்லை. பத்துக் கிலோமீற்றரும் இரண்டு பெண்களும் ஐஸ் தண்ணீரில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வழுக்கிக்கொண்டு போனார்கள். ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் கிருசாந்தினியின் விரல் மட்டும் நின்று வேலை செய்தது. டப்பாவின் மூடியைத் திருகி இறுக்கிய சத்தம் கேட்டபோது யூலிற்றாவுக்குப் போன உயிர் வந்தது.

முள்ளியவளைச் சந்தையில் கதவைத் திறந்த கனகலிங்கம் பேயைக் கண்டவர் போலப் பின்னால் பாய்ந்தார். “ஐயோ, உங்களை மறந்தே போனன்!”

“கனகலிங்கம், இண்டைக்கு என்ன மீனுக்குப் பதிலா மச்சாள்மாரையோ கொண்டு வந்திருக்கிறாய்?” என்று தேசிக்காய் விற்ற கிழவர் கேட்டார். சந்தையே சிரித்தது. யூலிற்றா சீலையைப் பிழிந்துகொண்டு இறங்கினாள். “இறங்கினது இறங்கினம். கோப்பித்தூளையும் குளிசையையும் இஞ்சையே வாங்குவம் வா,” என்றாள். மருந்துக் கடைக்காரர் விற்றமின் குளிசை எத்தனை வேண்டும் என்று கேட்க, கிருசாந்தினி, “ஒரு வேளாமீனுக்குக் காணக்கூடிய அளவு,” என்றாள். அவர் முழுப் போத்தலையும் எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து தாச்சியில் அப்பச்சோடாவை வறுத்தார்கள். கோப்பியும் சோடாவும் குளிசையும் ஒன்றாகச் சேர்ந்தபோது எழுந்த நாற்றத்தில் நாய் எழுந்து பக்கத்து வளவுக்குப் போய்விட்டது. மரியநேசன் குசினிக் கதவால் எட்டிப் பார்த்தார்.

“உதை எனக்குத் தரப்போறியளோ?”

“உங்களுக்கு இல்லை. வேளாவுக்கு.”

டப்பாவைத் திருப்பித் திருப்பி ஆட்டும் வேலையை யூலிற்றா எடுத்துக்கொண்டாள். கருவாட்டைப் புரட்டுகிற கைக்கு இது பெரிய காரியமா? கால்மணித்தியாலம் கழித்து நல்ல தண்ணீரில் அலசினார்கள். கிருசாந்தினி கைகழுவப் போன நேரத்தில் யூலிற்றா உப்புத் தண்ணீர் கலந்தாள். உப்பு இனிக் கரையமாட்டேன் என்று அடியில் நிற்கும் வரைக்கும் போட்டு, வழக்கப்படி செய்ய வேண்டியதையும் செய்து, டப்பாவுக்குள் ஊற்றி மூடினாள். அன்றிரவு மரியநேசன் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார். நம்பிக்கையா, பசியா என்று யூலிற்றா கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் டப்பாவைத் திறந்த கிருசாந்தினி, “மச்சாள்!” என்று போட்ட சத்தத்தில் கூரைக் காகம் பறந்தது.

பிலிம் சுருள் வந்திருந்தது. படமும் வந்திருந்தது. ஆனால் சுருள் முழுவதும் தைப்பொங்கல் பானை போல மஞ்சள்.

“இதுக்கை மஞ்சள் போட்டனீங்களோ?”

“போடாமல்? ஈ மொய்க்குமெல்லோ!”

கிருசாந்தினி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மணலில் இருந்துவிட்டாள். இருபத்தைந்து வருடமாக உப்போடு மஞ்சள் சேர்த்த கை. இது மீன் இல்லை என்று அந்தக் கைக்கு யார் சொல்வது? யூலிற்றா சுருளை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தாள். மஞ்சளுக்குள்ளே கறுப்பும் வெள்ளையும் இடம் மாறிய சின்னச் சின்ன ஆட்கள் தெளிவாக நின்றார்கள். “படம் தெரியுதுதானே. பிறகென்ன? மஞ்சள் பிடிச்சது ஒருநாளும் கெடாது,” என்றாள்.

காகம் கொத்தாமல் வலைத் துண்டால் மூடி, கருவாட்டுக்குப் பக்கத்தில் காயப் போட்டார்கள். காய்ந்த பிறகு கிருசாந்தினி போன் திருத்தும்போது கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். வேளா வந்த நான்கு படத்தில் மூன்று பாழ். ஓடிக்கொண்டு எடுத்ததால் ஆடியிருந்தது, கடைசியில் கமெராக் கண்ணாடியில் தண்ணீரும் அடித்திருந்தது. முதலாவது மட்டும் கண்ணாடி போலத் துல்லியம். சத்தம் கேட்ட அந்த நிமிடம், மேட்டில் தாழம்பற்றையடியில் நின்றபடியே அமத்தியது.

“இதிலை கடலும் இருக்கு. வாள் தண்ணிக்கு மேலை நிக்குது. அண்ணையும் கத்தியோடை நிக்கிறார்.” கிருசாந்தினி நிறுத்தினாள். “மச்சாள், முன்னுக்குக் கதிரையிலை ஒரு ஆள் கிடக்கு.”

யூலிற்றா கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருந்தாலும் அந்த வண்டி வயிற்றை முல்லைத்தீவில் யாருக்கு அடையாளம் தெரியாது? பரமலிங்கம் சம்மாட்டி. கதிரையில் மல்லாந்து, வாயைத் திறந்தபடி, நல்ல நித்திரை. பின்னால் கடலில் அவருடைய வலைக்குள் வேளாமீன் வாள் சுழற்றுகிறது. முன்னால் அவர் குறட்டை விடுகிறார். வலை இழுக்கிறவன் கடலைப் பார்த்துக்கொண்டுதான் இழுப்பான். கரைக்குப் புறமுதுகு. அதனால் இருபத்துநான்கு பேரில் ஒருவரும் அவரைக் காணவில்லை. கமெராவுக்குள் பார்த்த கிருசாந்தினியின் கண்ணும் வாளில்தான் இருந்தது.

“கண் வெட்டாமல் பாத்தவராம்!” என்று கிருசாந்தினி துள்ளினாள். “நாளைக்கு எல்லாருக்கும் முன்னாலை காட்டுவம் மச்சாள். மனுசன் இனித் தலை நிமித்தக்கூடாது!”

யூலிற்றாவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சம்மாட்டியை ஊருக்கு முன்னால் நாறடித்தவனை எந்தச் சம்மாட்டி வலைக்குத் தலையாளாக வைத்திருப்பான்? நாளைக்கு வெல்லலாம், நாளையின்றைக்கு வேறு சாட்டு வரும். “எங்களுக்கு வேண்டியது அவரின்ரை மானமில்லை. என்ரை மனுசன்ரை வலை,” என்று சொல்லிச் சுருளைப் பழைய பிஸ்கற் டின்னுக்குள் வைத்து மூடினாள்.

ஞாயிறு பூசைக்கு முதல் இரண்டு பேரும் சம்மாட்டி வீட்டு முற்றத்தில் நின்றார்கள். பரமலிங்கம் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தார்.

“என்ன யூலிற்றா, ஆதாரமோ? போனிலை படமெண்டால் இப்பவே சொல்லிப்போட்டன், எடுத்துக்கொண்டு போ.”

“போனில்லை. நெகட்டிவ். முதல்லை நீங்கள் மட்டும் பாருங்கோ எண்டுதான் கொண்டு வந்தனாங்கள்.”

அவர் மஞ்சள் சுருளைச் சந்தேகத்தோடு தூக்கினார். “உதையும் கம்பியூட்டரிலை செய்திருப்பியள்.” தூக்கியவர் மூக்கைச் சுளித்தார். மறுபடி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். நாற்பது வருடம் மீனோடு கிடந்த மூக்கு. “இதென்ன, கருவாட்டு மணம்?”

“உப்பும் மஞ்சளும். எங்கடை வீட்டுக் கைதான்.”

“ம்...” என்றார் சம்மாட்டி. “கம்பியூட்டருக்கு இந்த மணம் வராது.”

கிருசாந்தினி பூதக்கண்ணாடியைக் கொடுத்து இடத்தைக் காட்டினாள். அவர் கிழக்கு வெயிலுக்குச் சுருளைப் பிடித்துப் பார்த்தார். முதலில் வாளைக் கண்டிருக்க வேண்டும், வாய் திறந்தது. “மாதாவே!” என்றார், சைவக்காரர். பிறகு அவருடைய கண் படத்தின் முன்பக்கத்துக்கு வந்தது. திறந்த வாய் மெல்ல மூடியது.

கோழி ஒன்று கொக்கரித்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் போனது.

“இது... ஆர் கதிரையிலை?”

“ஆர் எண்டு வடிவாத் தெரியேல்லை,” என்றாள் யூலிற்றா. “கறுப்பு வெள்ளை மாறிக் கிடக்கெல்லோ.”

சம்மாட்டி அவளைப் பார்த்தார். யூலிற்றா கோழியைப் பார்த்தாள்.

“பிள்ளை,” என்று குரலைத் தாழ்த்திக் கிருசாந்தினியிடம் கேட்டார், “இந்தக் கதிரையை மட்டும் அழிக்கேலாதோ? போனிலை எல்லாம் அழிக்கினமே.”

“இது பிலிம், சம்மாட்டியார். அழிக்கேலாது. கதிரையை வெட்டினால் வேளாவும் போகும்.”

“அப்ப இது எங்கை இருக்கும்?”

“என்ரை அலுமாரிக்கை,” என்றாள் யூலிற்றா. “பிஸ்கற் டின்னுக்கை. இவர் வலைக்கு நிக்கும் வரைக்கும் அதை ஒருத்தரும் திறக்கத் தேவையில்லை.”

பூசை முடிந்து வாடியில் எல்லோரும் கூடியபோது மரியநேசன் கையைக் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றார். பிலிமை மனைவி எங்கே கொண்டுபோனாள் என்றும் அவருக்குத் தெரியாது. பரமலிங்கம் தொண்டையைச் செருமினார்.

“வேளா வந்தது மெய்தான். நானே கண்டனான்.”

பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து முன்னுக்கு வந்தார்கள்.

“பின்னை ஏன் சம்மாட்டியார் அண்டைக்கு இல்லையெண்டனீங்கள்?” என்று றஜித் கேட்டான்.

“வெயில் கண்ணுக்குக் குத்தினது. இப்பத்தான் ஞாபகம் வருகுது. என்னடா, சம்மாட்டியைக் கேள்வி கேக்கிறாய்?” அவர் மரியநேசன் பக்கம் திரும்பினார். “மடி ஒரு கிழமைக்கை பொத்தித் தரவேணும். நான் நூல் தாறன். திங்கள்கிழமையிலையிருந்தும் நீதான் தலையாள்.”

மரியநேசனின் இரண்டு காதும் அப்போதுதான் துடித்தன. சந்தோசத்திலும் துடிக்கும் என்று யூலிற்றாவுக்கு இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு தெரிந்தது.

பிஸ்கற் டின் திறக்கவில்லை, ஆனால் கனகலிங்கத்தின் வாய் திறந்து, லொறிக்குள் பிலிம் சுற்றிய கதை ஊரெல்லாம் போய்விட்டது. அடுத்த கிழமையிலிருந்து கிருசாந்தினியின் கடைக்கு வேறு விதமான ஆட்கள் வந்தார்கள். நெடுங்கேணியிலிருந்து ஒருவர், வேலிக் கதியாலைப் பக்கத்து வளவுக்காரன் இரவோடு நகர்த்துகிறான், நெகட்டிவோடு ஒரு படம் எடுத்துத் தாருங்கோ என்று வந்தார். சந்தையில் தேசிக்காய் விற்ற கிழவர் பதினாறு கிலோ பூசணிக்காயைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, “போனிலை எடுத்தால் பேரப்பிள்ளையள் நம்பாதுகள் பிள்ளை,” என்றார். ஜெயரூபி என்ற கல்யாணப் பெண் நேரே கேட்டாள். “அக்கா, மாப்பிள்ளைப் பகுதி ஆக்கள் படத்திலை என்னை வெள்ளையாக்கிப் போடுவினம். உங்கடை கமெராவிலை ஒண்டு எடுங்கோ. நான் நானா இருக்கிற படம் ஒண்டு வேணும்.” கொழும்புக்கு அனுப்பிய சுருள் மூன்று கிழமையில் வரும். அவசரமென்றால் யூலிற்றாவின் உப்புத் தொட்டி இருக்கிறது. அவள் மஞ்சள் போடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தாள். இரண்டு தரம் மறந்தாள். அந்த இரண்டு படத்துக்கும்தான் கிராக்கி அதிகம்.

ஒரு நாள் விடியக் கரையில் வலை இழுபட்டுக்கொண்டிருந்தது. கிருசாந்தினி கமெராவோடு நின்றாள். யூலிற்றா மீன் கூடையோடு வந்தாள். பரமலிங்கம் சம்மாட்டி கதிரையில் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டி, கடலுக்கும் கமெராவுக்கும் நடுவில் விறைப்பாக நின்றார்.

“பிள்ளை, இப்ப ஒண்டு எடன். நான் வலையைப் பாத்துக்கொண்டு நிக்கிற மாதிரி.”

“எடுக்கிறன், அசையாதேங்கோ.”

அவர் இரண்டு கண்ணையும் நண்டுக்கண் போல வெளியே தள்ளி முழித்தார். கிருசாந்தினி ஒரு கண்ணை மூடி, கமெராவை ஒரு பக்கம் திருப்பி, மறுபக்கம் திருப்பி, நேரம் எடுத்தாள். சம்மாட்டியின் கண்ணில் தண்ணீர் வழியத் தொடங்கியது. காற்று வேறு மண்ணை அள்ளி அடித்தது.

“எடுத்தாச்சோ?” என்றார் வாய் அசையாமல்.

“இன்னும் இல்லை. கண்ணை வெட்டிப்போடாதேங்கோ சம்மாட்டியார்,” என்று யூலிற்றா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். “ஒருக்கால் பிலிமிலை விழுந்தால் அழிக்கேலாது.”